ஓவன் ஆறட்டும்

கொத்தனார் வந்து நின்றபோது ஓவன் தகித்துக்கொண்டிருந்தது. வேண்டுமென்றேதான் தகிக்க வைத்திருந்தோம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து, "பாவம், பொம்பளைங்க தெரியாம செஞ்சுட்டாங்க" என்று எங்களுக்காகப் பரிந்து பேச வேண்டாம். தெரிந்துதான் செய்தோம்.

"ஏம்மா, இதை வெளிய இழுத்தாத்தானே நான் சுவரை எழுப்ப முடியும்?" என்றார் கொத்தனார்.

"இழுங்க. யாரு வேணாம்னா?"

ஓவனின் மேல்தகட்டில் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்து விரலை உதறினார். "சுடுதேம்மா!"

"ஓவன்னா சுடத்தான் செய்யும். ஆறட்டும், அப்புறம் இழுங்க."

"எப்ப ஆறும்?"

"அதை ஓவனைத்தான் கேக்கணும்."

அடுப்படியை இரண்டாகப் பிரிக்கும் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கிளம்பி, பாதியிலேயே இருமலாக மாறியது. அது என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. அவளுக்கு நான் வைத்த பெயர் நிதானம். வெங்காயம் நறுக்கச் சொன்னால் அவள் நறுக்கி முடிப்பதற்குள் பசி வந்து போய்விடும். பதறாத காரியம் சிதறாது என்று யாரோ சொல்லிவைத்ததை அப்படியே நம்பி வளர்ந்தவள். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் எப்படிக் குப்பை கொட்டினோம் என்று தெரு முழுக்க ஆச்சரியப்பட்டது. நாங்கள் நன்றாகத்தான் கொட்டினோம். கொட்ட முடியாமல் போனது எங்கள் ஆண்களால்.

இந்த வீடு முன்பு ஒரே வீடு. மாமனார் கட்டியது. அவர் காலமான பிறகும் அண்ணனும் தம்பியும் சேர்ந்தேதான் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் மின்சார ஆபீஸில் லைன்மேன். கொழுந்தனார் பிளம்பர். கரண்டும் தண்ணீரும் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது எங்களுக்கு என்ன குறை என்று நானே பெருமையடித்திருக்கிறேன். என் கண்ணே பட்டிருக்கும். ஒருநாள் மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, கூரை ஒழுகி, கூடத்திலிருந்த டி.வி.யின் தலையில் தண்ணீர் கொட்டி, அது புகைவிட்டு அடங்கிவிட்டது.

"மோட்டாரை நிறுத்தத் தெரியாதவன்லாம் ஒரு லைன்மேனா?" என்றார் தம்பி.

"நீ மாட்டின மிதவை வால்வு ஒழுங்கா மூடியிருந்தா நான் எதுக்குடா நிறுத்தணும்?" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். ஒருவர் தொழிலை இன்னொருவர் தொட்டுவிட்டார்கள். பெண்டாட்டியைச் சொல்லியிருந்தால்கூட மறுநாள் காலை மறந்திருப்பார்கள். தொழிலைச் சொன்னால் மறப்பார்களா? மோட்டாரா வால்வா, மோட்டாரா வால்வா என்று ஊரையே கூட்டி வழக்காடினார்கள். கடைசியில் வீட்டை இரண்டாக்கினார்கள். கூடத்தின் நடுவே சுவர் வந்தது. வாசலுக்கு இரண்டு கதவு வந்தது. "அந்தப் பக்கம் பேச்சு வச்சுக்கக் கூடாது" என்று என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்ன அதே வாக்கியத்தை, அதே நாளில், கொழுந்தனார் நிதானத்திடம் சொன்னாராம். சண்டை போட்டாலும் அண்ணன் தம்பி அண்ணன் தம்பிதான்.

அடுப்படியை மட்டும் அவர்களால் பிரிக்க முடியவில்லை. அடுப்படியின் நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு குட்டைச்சுவர் உண்டு. அதன் நடுவே ஒரு பொந்து. பொந்துக்குள் மாமனார் மூடிப்போன ஒரு பேக்கரியிலிருந்து தூக்கிவந்த பெரிய ஓவன். பாகம் பிரித்த கோடு சரியாக அதன் முதுகெலும்பில் போயிற்று. ஓவனின் கதவு தம்பி பக்கம். பிளக்கும் சுவிட்சும் எங்கள் பக்கம். சுவிட்சைத் தம்பி பக்கம் மாற்றவேண்டுமென்றால் பிளம்பர் லைன்மேனைக் கேட்கவேண்டும். கேட்பாரா? நாக்கைப் பிடுங்கிக்கொண்டாலும் கேட்கமாட்டார். லைன்மேன் தானாகச் செய்வாரா? செய்வாரே! ஆகவே குட்டைச்சுவருக்கு மேலே கூரைவரை ஒரு பிளைவுட் பலகையை அடித்து, ஓவனை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். ஓவனின் தலைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தட்டு நுழையும் அளவுக்கு இடைவெளி. அதை அடைக்க இருவருக்கும் தோன்றவில்லை. அடுப்படியில் எது எங்கே திறந்திருக்கிறது என்று இந்த வீட்டு ஆண்கள் பார்த்ததே இல்லை.

எனக்குக் கூடப்பிறந்தவள் யாரும் கிடையாது. மகள் படிக்க விடுதிக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர் ஒரு மின்கம்பத்தை நின்று பார்க்கும் நேரம்கூட என்னைப் பார்க்கமாட்டார். இந்தப் பெரிய வாயை வைத்துக்கொண்டு நான் பேசுவதற்கு இருந்த ஒரே ஆள் நிதானம்தான். பலகை வந்த பிறகு சில நாள் நான் மிக்ஸியோடு பேசினேன். அதுவும் திருப்பிக் கத்தியது.

தெருவில் பார்த்துப் பேசியிருக்கலாமே என்று கேட்கலாம். தெருவில் நாங்கள் இருவரும் நின்றால் செய்தி எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும். அதைவிட, உண்மையைச் சொன்னால், எனக்கு வாய்தான் நீளம். வீட்டுக்காரர் "கூடாது" என்று சொன்ன பிறகு அவள் வாசற்படியை நான் மிதித்ததில்லை. கத்துவேன், பாத்திரத்தை நங்கென்று வைப்பேன், பிறகு சொன்னதைக் கேட்டுக்கொள்வேன். என் வீரம் அவ்வளவுதான்.

ஒருநாள் மதியம் அந்த இடைவெளி வழியாக ஒரு கரண்டி நீண்டு ஓவனின் முதுகைத் தட்டியது.

"அக்கா, ஓவன்ல கரண்ட் இல்ல."

"எப்படி இருக்கும்? பிளக்கு என் பக்கம்ல கிடக்கு."

"போடுறீங்களாக்கா?"

"என்னடி பண்ணப்போற?"

"கேரமல் பாப்கார்ன். பாகு நல்லா வந்துடுச்சு. சோளம்தான் மூணாவது தடவையா கருகிப்போச்சு."

கருகாமல் என்ன செய்யும்? சோளம் பொரிவதற்கு அவசரக்காரி வேண்டும். எண்ணெய் காய்ந்ததும் போட்டு, மூடி, பாத்திரத்தை ஆட்டிக்கொண்டே காதைக் கொடுக்கவேண்டும். படபடவென்று வெடிக்கும்; பிறகு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி விழும். விழுந்த கணத்தில் இறக்கிவிடவேண்டும். "எல்லாம் வெடிக்கட்டுமே" என்று நிதானம் காத்திருப்பாள். கடைசி நாலு சோள மணிகளுக்குக் கருணை காட்டப்போய் மொத்தமும் கரியாகும். நானோ சர்க்கரைப் பாகை ஒருநாளும் ஒழுங்காகக் காய்ச்சியதில்லை. வெண்ணெயும் சர்க்கரையும் கொதிக்கும்போது கரண்டியைப் போடாமல் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். என்னால் சும்மா நிற்க முடியுமா? கிளறுவேன். கிளறினால் பாகு மணல் கட்டிவிடும்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டோம். வீட்டைப் பிரித்ததைவிட ஒழுங்காகப் பிரித்தோம். நான் பொரித்து, வெடிக்காத மணிகளைச் சலித்துத் தள்ளி, தட்டில் பரப்பி இடைவெளி வழியாக அந்தப் பக்கம் தள்ளுவேன். அவள் பாகை இறக்கி, ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுவாள். அது புஸ்ஸென்று பொங்கி நுரைத்து வெளுக்கும்போது சோளத்தின் மேல் ஊற்றிப் புரட்டுவாள். நான் சுவிட்சைப் போடுவேன். மந்தமான சூட்டில் உள்ளே வைத்து, அவ்வப்போது வெளியே இழுத்துக் கிளறி, மறுபடி உள்ளே தள்ளவேண்டும். அந்த ஒரு மணி நேரமும் நாங்கள் ஓவனின் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டிருப்போம். குனிந்தால் அவள் நெற்றியும் கைகளும் மட்டும் எனக்குத் தெரியும். அவளுக்கும் என்னுடையது அவ்வளவுதான் தெரிந்திருக்கும். பேச்சுக்கு அது போதும்.

தின்று தீரவில்லை. தெருமுனைக் கடைக்கார அக்காவிடம் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாயில் போட்டு மென்று, "யாரு செஞ்சது?" என்றாள். "ஒருத்தி செஞ்சது இல்ல" என்றேன். அவள் கெட்டிக்காரி, மேலே கேட்கவில்லை. பொட்டலம் போட்டு விற்க ஆரம்பித்தாள்.

கேளுங்கள் இந்தக் கூத்தை. ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். "முனைக்கடையில புதுசா போட்டிருக்காங்க. சாப்பிட்டுப் பாரு, என்ன மொறுமொறுப்பு! உனக்கெல்லாம் இது வருமா?"

"எனக்கு எங்கங்க வரும்?" என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்து ஒன்றொன்றாகக் கடித்தார். நான் அடுப்படிக்குப் போனேன். பலகைக்கு அந்தப் பக்கம் கொழுந்தனாரின் குரல்: "முனைக்கடையில வாங்கினேன், நீயும் இருக்கியே, பாகு காய்ச்சத் தெரியுமா உனக்கு?" அண்ணன் இந்தப் பக்கம் கரக் மொரக், தம்பி அந்தப் பக்கம் கரக் மொரக். ஒரே தட்டில் வெந்தது. நானும் நிதானமும் இடைவெளி வழியாக ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள்தான் ஓடியது. போன வாரம் வீட்டுக்காரர் சாப்பிட்டுக் கை கழுவியபடியே சொன்னார்: "லீவு அன்னைக்குக் கொத்தனார் வராரு. அந்தப் பலகையை எடுத்துட்டுக் கூரைவரைக்கும் செங்கல் வச்சுடலாம். எவ்வளவு நாளைக்குப் பலகை?"

"ஓவன்?"

"பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடலாம். அவனும் சரின்னுட்டானாம்."

"அவனும்னா? பேசினீங்களா?"

"நான் ஏன் பேசறேன்? கொத்தனார் மூலமா."

வால்வுக்கும் மோட்டாருக்கும் தீர்ப்புச் சொல்ல ஒத்துப்போகாத இரண்டு பேர், எங்கள் இடைவெளியை அடைக்க மட்டும் ஒத்துப்போய்விட்டார்கள். மறுநாள் நிதானத்திடம் சொன்னபோது அவள் அழுதாள். அழுவதிலும் நிதானம்தான், முதலில் மூக்கு, பிறகு கண்.

"நாம என்னக்கா பண்ண முடியும்?"

"அழுகையை நிறுத்துடி. சோளம் எவ்வளவு இருக்கு உங்கிட்ட?"

"ஒரு மூட்டை இருக்கு."

"எங்கிட்ட அரை மூட்டை. வெண்ணெய் வாங்கி வை. அன்னைக்கு விடியும்போதே நான் சுவிட்சைப் போட்டுடுவேன். ஓவன் சுட்டா இழுக்க மாட்டாங்க. இழுக்கலைன்னா சுவர் இல்ல."

"எவ்வளவு நேரத்துக்கு அக்கா?"

"அவங்க வீம்புக்கு நம்ம சோளம் தாங்குற வரைக்கும்."

அப்படித்தான் கொத்தனார் விரலைச் சுட்டுக்கொண்டார். பாவம், நல்ல மனிதர். வாசலில் செங்கல் அடுக்கி, சிமெண்டும் மணலும் கலந்து வைத்துவிட்டு வந்திருந்தார். முதல் தட்டு வெந்ததும் ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தேன். மென்றுகொண்டே காத்திருந்தார். இரண்டாவது தட்டு இடைவெளி வழியாக அந்தப் பக்கம் போனதைப் பார்த்ததும் மெல்வது நின்றது.

"ஏம்மா, திரும்பவும் வைக்கிறீங்க?"

"மிச்சச் சோளத்தை என்ன செய்ய? தூக்கிப் போடவா?"

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "கொத்தனாரே, அந்தப் பக்கம் கேளுங்க, ஓவன்ல என்ன வேலை நடக்குதுன்னு."

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து கொழுந்தனார், "கொத்தனாரே, அவங்களைக் கேளுங்க, கரண்டு யாரு குடுக்குறாங்கன்னு" என்றார். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு விரல் தடிமன் பலகை. இரண்டு பேர் சொல்வதும் இரண்டு பேருக்கும் காதில் தெளிவாக விழுகிறது.

"நான் கொத்தனாரா தபால்காரனாய்யா?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மூன்றாவது தட்டு. நான்காவது தட்டு. காய்ந்த எண்ணெய் தெறித்து என் கை கொப்பளித்தது. நிதானத்தின் பக்கம் வெண்ணெய் வாசனை சுருள் சுருளாக வந்துகொண்டே இருந்தது. இடையிடையே அவள் குரல், "அடுத்தது தாங்கக்கா." வாசலில் சிமெண்டுக் கலவை இறுகத் தொடங்கியது. கலவைக்கும் பாகுக்கும் ஒரே குணம், கலந்தபின் காத்திருக்காது. கொத்தனார் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பார்த்தார். வெயில் உச்சிக்கு வருவதற்குள் அது கல்லாகிவிட்டது. மண்வெட்டியால் கொத்திக் கொட்டினார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் எடுத்த காரியத்தை விடமுடியுமா?

என் வீட்டுக்காரர் அடுப்படிக்குள் வந்து மூக்கை உறிஞ்சினார்.

"இது... முனைக்கடை வாசனை இல்ல?"

"கடை வாசனை இல்லைங்க. என் கை வாசனை. உங்க தம்பி பெண்டாட்டி கை வாசனை."

அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். இத்தனை நாள் புகழ்ந்து புகழ்ந்து தின்றது நினைவுக்கு வந்திருக்கும். காது மடல் சிவந்தது.

"அப்ப இவ்வளவு நாளா... எனக்குத் தெரியாம..."

"தெரிஞ்சா விட்டிருப்பீங்களா?"

"சுவிட்சை ஆஃப் பண்ணு."

"முடியாது."

"தள்ளு, நான் பண்ணிக்கிறேன்."

சுவிட்சுக்கு முன்னால் முதுகை ஒட்டி நின்றுகொண்டேன். கையில் சூடான பொரிப் பாத்திரம். "சண்டை போட்டது யாருங்க? மோட்டாரும் வால்வும். நாங்களா தொட்டியை நிரப்பினோம்? நாங்களா டி.வி.யை நனைச்சோம்? உங்க ரெண்டு பேருக்கும் பேச்சில்லைன்னா நீங்க வாயை மூடிக்கங்க. எங்க வாய்க்கு ஏன் செங்கல் வைக்கிறீங்க?"

"ஊரு சிரிக்கும்டி."

"நீங்க பலகை அடிச்ச அன்னைக்கே ஊரு சிரிச்சு முடிச்சாச்சு. இப்ப சிரிக்க அவங்களுக்குத் தெம்பு இல்ல."

என்னைத் தொட்டுத் தள்ள அவருக்கு மனம் வரவில்லை. அது மட்டும் அவரிடம் நல்ல குணம். ஆனால் லைன்மேன் ஆயிற்றே! சுவிட்சு போனால் என்ன, மெயின் இருக்கிறது. விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். டக். ஃபேன் சோர்ந்து நின்றது. ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. ஓவனின் உறுமல் அடங்கியது.

"அக்கா," என்றாள் நிதானம் இடைவெளியில். "ஓவன் விளக்கு போயிடுச்சு. தட்டு பாதி வேக்காட்டுல இருக்கு. இப்படியே ஆறினா கட்டியாப் போயிடும்."

கொத்தனார் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "இனிமே ஆறிடும் சார். நான் புதுசாக் கலவை போடறேன்."

எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். இனி கொஞ்ச நேரம்தான். ஓவன் ஆறும், வெளியே இழுப்பார்கள், அந்தப் பொந்தில் முதல் செங்கல் விழும். அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இருமல்கூட எனக்குக் கேட்காது. இந்த வீட்டில் நான் மிக்ஸியோடு பேசிக் கிழவியாவேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் விஷயத்தில் புத்தி நின்ற இடத்தில்தான் கால் கிளம்பியது.

பொரிப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போனேன். அவர் மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"எங்க போற?"

"பக்கத்து வீட்டுக்கு."

செங்கல் குவியலைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினேன். எதிர்வீட்டுக்காரி செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை மறந்து நின்றாள். இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே பார்த்தார். பார்க்கட்டும்! நாலே எட்டில் போகிற வாசல். இத்தனை நாள் அதை ஒரு நாடு மாதிரி நினைத்திருந்தேன். அங்கே கதவை மறித்துக்கொண்டு கொழுந்தனார் நின்றார்.

"அண்ணி... வேணாம் அண்ணி. அண்ணனுக்குத் தெரிஞ்சா..."

"உங்க அண்ணன் என் பின்னாடிதான் நிக்கிறாரு. நல்லாத் தெரியும். தள்ளிக்கோப்பா, கையில சூடு இருக்கு."

தள்ளிக்கொண்டார். நான் படியேறி உள்ளே போனேன்.

அடுப்படி வாசலில் நிதானம் நின்றிருந்தாள். பலகை அடித்த நாளிலிருந்து நெற்றியும் கையுமாக மட்டுமே பார்த்தவளை முழுசாகப் பார்த்தேன். இளைத்திருந்தாள். கன்னத்தில் வெண்ணெய். "வாங்கக்கா" என்றாள், ஏதோ தினமும் வருகிறவளைக் கூப்பிடுவதுபோல. எனக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

கொழுந்தனார் பின்னாலேயே வந்தார். "அண்ணியை அனுப்பு. பிரச்சனை வேணாம்."

நிதானம் அடுப்பிலிருந்து கொதிக்கும் பாகை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று அவளை எல்லோரும் சொல்வார்கள். "நீங்க கொஞ்சம் எட்டி நில்லுங்க," என்றாள். "இது மேல பட்டாத் தோலோட வரும். அக்கா இங்கதான் இருப்பாங்க." குரல் ஏறவே இல்லை. அவர் கூடத்துக்கே போய்விட்டார்.

நான் பலகையைப் பார்த்து உரக்கக் கத்தினேன். "கொத்தனாரே! கலவை போட்டாச்சா? கட்டுங்க. நல்லாக் கூரை முட்டக் கட்டுங்க. நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

கொத்தனார், "சார், அம்மா அந்தப் பக்கம் இருக்காங்களே. கட்டவா?" என்றார்.

பலகையில் ஒரு கை ஊன்றும் சத்தம்.

"கட்டவான்னு கேட்டேன் சார்."

"கொஞ்சம் சும்மா இருய்யா," என்றார் என் வீட்டுக்காரர். அந்தக் குரலை நான் கேட்டதில்லை. கம்பத்தின் உச்சியில் பிடி நழுவினவன் குரல். பிறகு பலகைக்கு மிக அருகில், "எப்ப வருவ?" என்றார்.

"இந்தத் தட்டு வெந்ததும் வருவேன்."

"கரண்ட் இல்லாம எப்படி வேகும்?"

"லைன்மேன் நீங்க. என்னைக் கேட்டா?"

நிதானம் என் புடவை முந்தியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் கொத்தனாரின் கரண்டி இரும்புச் சட்டிக்குள் விழும் சத்தம் கேட்டது. "இந்த வேலை எனக்கு வேணாம் சார்," என்றார் கொத்தனார். "ஆளு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னே தெரியாம நான் சுவர் கட்ட மாட்டேன். செங்கலைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போறேன். நீங்களும் வேற ஆள் தேடாதீங்க. வேணாம்."

என் வீட்டுக்காரரின் செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போயிற்று. நாங்கள் இருவரும் ஓவன் கதவின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே இருட்டில் தட்டு மங்கலாகத் தெரிந்தது. டக். விளக்கு எரிந்தது. ஓவன் உறுமியது.

நிதானம் தட்டை இழுத்தாள், நான் கிளறினேன், மறுபடி உள்ளே தள்ளினோம். வாசலில் செங்கல்லை வண்டியில் ஏற்றும் சத்தம். தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம். என்னென்னவோ பேசினோம். ஒரு சமயம் பேச்சு நின்று, தோளோடு தோள் சாய்ந்து சும்மாவும் இருந்தோம்.

வெகுநேரம் கழித்துப் பலகையை யாரோ விரலால் தட்டினார்கள். "வெந்துடுச்சா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர், கெஞ்சலாக.

தட்டு எங்கள் மடியில் இருந்தது. பாதிக்குமேல் தின்றுவிட்டிருந்தோம். நிதானம் மெல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் இல்ல," என்றேன்.